கெட்ட கனவைக் கலைக்கும் நாய்

ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்குப் போய்வந்த அமெரிக்க வீரர்கள் பலருக்கு, சூப்பர் மார்க்கெட்டில் யாரோ ஒரு டப்பாவைக் கீழே போட்டால் போதும், நெஞ்சு படபடத்து, உள்ளங்கை வியர்த்து, கண் வெளியே போகும் வழியைத் தேட ஆரம்பித்துவிடும். ஆபத்து என்றால் அட்ரினலின் சுரப்பது எல்லோருக்கும் உள்ளதுதான், ஆனால் பி.டி.எஸ்.டி. (பெரும் அதிர்ச்சிக்குப் பிறகு தங்கிவிடும் மனநலப் பாதிப்பு) உள்ளவர்களுக்கு அது சின்ன விஷயத்துக்கெல்லாம் கிளம்பிவிடும், சீக்கிரம் அடங்கவும் அடங்காது.

இதில் நாய் என்ன செய்துவிடும்? பாசமாக இருக்கும், சரி. ஆனால் பக்கத்தில் இருந்து ஆறுதல் தந்தால் மட்டும் அமெரிக்கச் சட்டம் அதைச் சேவை நாயாக ஏற்காது, குறிப்பிட்ட வேலைக்குப் பழக்கியிருக்க வேண்டும்.

அந்த வேலையில் முக்கியம் நேரம்தான். பதற்றம் முற்றிய பிறகு ஆளைத் தணிப்பது கஷ்டம். அதற்கு முன்பே கால் ஆடத் தொடங்கும், மூச்சு வேகமாகும், சம்பந்தப்பட்டவருக்கே அது தெரியாது. நாய் பார்த்துவிடும். வந்து மூக்கால் கையை முட்டும், அவர் கண்டுகொள்ளாவிட்டால் மறுபடி முட்டும், அப்புறம் மடியில் முன்னங்கால்களைப் போட்டு முழு பாரத்தோடு சாய்ந்துகொள்ளும். கை தானாக அதைத் தடவப் போகிறது, ஈராக்கில் இருந்த மனசு அறைக்குத் திரும்புகிறது. தூக்கத்தில் புரண்டு கத்தினாலும் இதே கதைதான், முட்டி எழுப்பிவிடும். லைட் போடக்கூடப் பழகிய நாய்கள் உண்டு.

மோப்பத்துக்கும் பங்கு இருக்கலாம். கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில், மன அதிர்ச்சியை அனுபவித்த 26 பேரின் மூச்சை முகக்கவசங்களில் சேகரித்தார்கள், சாதாரணமாக இருக்கும்போது ஒன்று, பழைய சம்பவத்தை நினைவுபடுத்திய பிறகு ஒன்று. 25 நாய்களில் கடைசிவரை தேறியவை ஐவி, காலி என்ற இரண்டே இரண்டு. ஒரே ஆளின் இரண்டு மாதிரிகளையும் சேர்த்து வைத்தபோது, எது பதற்றத்தில் விட்ட மூச்சு என்று சுமார் 90 சதவீதம் சரியாகக் காட்டின. ஒவ்வொன்றாக நீட்டியபோது ஐவி 74, காலி 81. 2024இல் வெளியான இந்த முடிவு ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது, கடைத்தெருவின் ஆயிரம் வாசனைகளுக்கு நடுவே அல்ல.

நோய் குணமாகிறதா என்று கேட்டால், குறைகிறது என்றுதான் சொல்வேன். அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் நலத்துறை 181 பேருக்கு நாய் கொடுத்துப் பதினெட்டு மாதம் கவனித்தது, சிலருக்குச் சேவை நாய், மற்றவர்களுக்கு வெறும் ஆறுதல் நாய். இரண்டு தரப்புக்குமே முன்னேற்றம். அறிகுறிகளில் சேவை நாய்க்குக் கொஞ்சம் கூடுதல் பலன், அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் பெரிய வித்தியாசம் இல்லை.

எனக்கு உறுத்தும் இடம் ஒன்று உண்டு. அந்த ஆய்வின் சேவை நாய்களுக்கு, அறைக்குள் முதலில் போய்ச் சுற்றிப் பார்ப்பதும் ஆளின் முதுகுக்குப் பின்னால் காவல் நிற்பதும் கற்றுத்தரப்பட்டன. பயந்த இடத்துக்குப் படிப்படியாகப் போய், அங்கே ஒன்றும் இல்லை என்று மூளைக்குப் பழக்குவதுதான் பி.டி.எஸ்.டி.க்கு நன்றாக நிரூபணமான சிகிச்சைகளில் ஒன்று. அறையை நாய் ஒவ்வொரு முறையும் சோதித்துக் கொடுத்தால், சோதிக்க வேண்டிய அறைதான் அது என்றல்லவா மூளை முடிவு கட்டும்? மருத்துவர்கள் சிலரும் இதையேதான் கேட்கிறார்கள். காவல் வேலையை விட்டுவிட்டு, முட்டி எழுப்பும் நாய்களை மட்டும் வைத்து ஒரு ஆய்வு நடத்தினால் நன்றாக இருக்கும்.