மச்சத்தின் நிறம் ஆழத்தைச் சொல்லும்

"பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'டிஸ்பிளாஸ்டிக் நீவஸ்' என்று போட்டிருக்கிறார்கள். புற்றுநோயா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இல்லை. நீவஸ் என்றால் இங்கே மச்சம், அவ்வளவுதான். முன்னால் ஒட்டியிருக்கும் சொல்தான் பயமுறுத்துகிறது. செல்களின் அமைப்பு இயல்பு மாறியிருக்கிறது என்பதே அதன் பொருள்.

1978-இல் அமெரிக்காவில் வாலஸ் கிளார்க் குழுவினர், மெலனோமா எனும் தோல் புற்றுநோய் திரும்பத் திரும்ப வந்த குடும்பங்களில் இத்தகைய மச்சங்களைக் கண்டு, இரண்டு குடும்பப் பெயர்களின் முதலெழுத்தை வைத்து 'பி-கே மச்சம்' என்றார்கள். 'டிஸ்பிளாஸ்டிக்' அப்புறம் வந்தது. 1992-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு அச்சொல்லை விட்டுவிடச் சொல்லியும் அது போகவில்லை. கண்ணால் பார்த்துச் சொல்வது 'ஏடிபிகல் மோல்', அதாவது வழக்கத்துக்கு மாறான மச்சம். வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வது 'டிஸ்பிளாஸ்டிக்'. இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. நோயாளி கையில் கொடுக்கும் தாளில் இந்த வேறுபாட்டை ஒரு வரியில் எழுதிவிடலாம் என்பது என் ஆதங்கம்.

சமச்சீரின்மை, ஒழுங்கற்ற ஓரம், பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், மாற்றம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது டெர்மாஸ்கோப், தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கைக்கருவி. தோலின் மேற்பரப்பு ஒளியைத் திருப்பியடிப்பதால் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் ஜெல் தடவினாலோ, ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் முனைவாக்க வடிகட்டி வைத்தாலோ அந்தப் பளபளப்பு அடங்கி, பழுப்பு வலை ஒன்று தெரியும். மேல்தோலின் அடிப்பக்கம் தட்டையாக இல்லாமல், வரப்பு வரப்பாகக் கீழே இறங்கியிருக்கும். வரப்பின் மேல் நின்று பார்க்கும்போது பார்வை நிறமிச் செல்களை நெடுக ஊடுருவுவதால் கோடு அடர்ந்து தெரியும். இடையிலுள்ள குழிகள் வெளிறித் தெரியும்.

நிறம் இன்னும் அழகு. நிறமி ஒன்றேதான், மெலனின். அது தோலின் உச்சியில் இருந்தால் கறுப்பு, மேல்தோலின் அடியில் பழுப்பு, அதற்குக் கீழே சாம்பல், இன்னும் ஆழத்தில் நீலம். நீல ஒளி ஆழம் போகுமுன்பே சிதறித் திரும்பிவிடும். சிவப்பு உள்ளே போய் மெலனினில் உறிஞ்சப்படும். ஆகவே மச்சத்தில் ஒழுங்கில்லாத நீலத்திட்டு தென்பட்டால், நிறமி அவ்வளவு ஆழத்தில் என்ன செய்கிறது என்று மருத்துவர் யோசிப்பார்.

சரி, வாசகரின் கேள்விக்கு வருவோம். பெரும்பாலான மெலனோமாக்கள் மச்சமில்லாத தோலில் புதிதாக வருபவை. அதனால் எல்லா மச்சத்தையும் எடுத்துவிடத் தேவையில்லை. இவரைப் போன்றவர்கள் மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேட்கலாம்: செல்களில் தெரிந்த மாற்றம் லேசானதா, கடுமையானதா? வெட்டிய ஓரத்தில் மச்சத்தின் மிச்சம் இருக்கிறதா?