வளைந்த முதுகும் கேட்டை மூடும் மின்சாரமும்

வலியைத் தணிக்கத் தோல் வழியே சிறு மின்சாரம் செலுத்தும் 'டென்ஸ்' கருவியின் பேட்டை அக்காவின் முதுகில் ஒட்டுவது என் வேலை. அவள் கை எட்டாத இடம் அது. முதலில் ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். வண்ணாரப்பேட்டை வெக்கையில் வியர்வையும், தலையிலிருந்து இறங்கிய எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் பேட்டின் பசை பிடிக்காது, ஓரம் தூக்கிக்கொள்ளும். ஓரம் தூக்கினால் மின்சாரம் முழுவதும் ஒட்டியிருக்கும் சிறு பரப்பின் வழியே நெருக்கியடித்துப் பாயும். அந்த இடத்தில் ஊசி குத்தியது போலச் சுருக்கென்று இருக்கும்.

அவளுக்கு 13 வயதில் பள்ளிச் சீருடை தைத்த டெய்லர்தான் முதலில் கவனித்தார். வலது தோள் இடது தோளைவிட ஏறியிருந்தது. ஒரு பக்க அளவு மறுபக்கத்துக்குப் பொருந்தவில்லை. குனியச் சொல்லிப் பார்த்தபோது வலப்பக்க விலா மேடுதட்டி நின்றது. ஸ்கோலியோசிஸ் என்றார் டாக்டர். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளவும் செய்வதால்தான் அந்த மேடு. எக்ஸ்ரேயில் வளைவை அளக்கும் 'காப் கோணம்' 10 டிகிரியைத் தாண்டினால் இந்தப் பெயர் வரும். பெரும்பாலானவர்களுக்கு இது ஏன் வருகிறது என்று காரணம் காட்ட முடியாது. புத்தகப்பை தூக்கியதாலோ கோணலாக உட்கார்ந்ததாலோ வருவதல்ல. அம்மா பல வருடங்கள் தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது அக்காவுக்கு 41 வயது. வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். மாலையானால் இடுப்புக்கு மேலே இடப்பக்கம் வலி பிடித்துக்கொள்ளும். வளைவின் வெளிப்பக்கத் தசைகள் நாள் முழுக்க இழுபட்டபடியே வேலை செய்கின்றன. தொட்டால் நனைந்த கயிறு போல விறைத்திருக்கும். உட்பக்கத்திலோ முதுகெலும்புகளின் சின்னஞ்சிறு மூட்டுகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. சிலருக்கு அந்தப் பக்கத்தில் நரம்பு வேரும் நசுங்கும்.

வலிக்காக டென்ஸ் கருவி வாங்கப் போன கடையில், "ஆறு மாதம் விடாமல் வைத்தால் எலும்பே நேராகிவிடும்" என்றார் விற்பவர். அக்காவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். 28 வருடமாக வளைந்திருக்கும் முதுகு அது. அந்த ஒரு வாக்கியத்தின் மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அவரே அதை நம்பியிருக்கலாம். ஆனால் அந்த நம்பிக்கை ஒரு காலத்தில் அறிவியலாலேயே சோதிக்கப்பட்டுத் தோற்றது.

1970களிலும் 80களிலும், வளரும் பிள்ளைகளின் வளைந்த முதுகில், வளைவின் வெளிப்பக்கத்தில் பேட் ஒட்டி இரவு முழுக்க மின்சாரம் செலுத்தினார்கள். அந்தப் பக்கத் தசை சுருங்கிச் சுருங்கி எலும்பை இழுத்து நிமிர்த்தும் என்பது கணக்கு. வளைவைத் தடுக்க உடம்பைச் சுற்றி அணியும் பட்டையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகும் சங்கடம் இல்லை என்பதால் பெற்றோர் ஆசையோடு ஏற்றார்கள். 1995இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு 286 சிறுமிகளைப் பின்தொடர்ந்தது. பட்டை அணிந்தவர்களில் 74 சதவீதத்தினருக்கு வளைவு மோசமாகவில்லை. எதுவும் செய்யாமல் கண்காணித்தவர்களில் 34 சதவீதம். மின்சாரம் வைத்தவர்களில் 33 சதவீதம். சும்மா இருந்ததற்கும் ராத்திரியெல்லாம் கரண்ட் வைத்ததற்கும் வித்தியாசமே இல்லை! அந்தச் சிகிச்சை அத்தோடு ஓய்ந்தது. வளர்ந்து முடிந்த 41 வயது எலும்பைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அப்படியானால் அக்காவின் முதுகில் நான் எதற்காக பேட் ஒட்டுகிறேன்? எலும்பிலிருந்து கவனத்தை நரம்புக்குத் திருப்பினால் விடை கிடைக்கும்.

தோலிலிருந்தும் தசையிலிருந்தும் தண்டுவடத்துக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பிழைகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. தொடுதல், அழுத்தம், அதிர்வு ஆகியவற்றைச் சுமப்பவை தடித்தவை. மேலே கொழுப்புறை போர்த்தியவை. அவற்றில் செய்தி நொடிக்கு 35 முதல் 75 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது, ரயில் வேகம். ஆறாமல் கிடந்து நோகும் மந்த வலியைச் சுமப்பவை உறையில்லாத மெல்லிய இழைகள். நொடிக்கு அரை மீட்டர் முதல் 2 மீட்டர் வரைதான். சரக்கேற்றிய மீன்பாடி வண்டியை ஒருவர் மிதித்துக்கொண்டு போகும் வேகம் அது.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்துக்கிடந்தவர்களுக்கு அடுத்ததைச் சொல்லவே வேண்டியதில்லை. ரயில் வந்தால் கேட் மூடும். மீன்பாடி வண்டி இந்தப் பக்கமே நிற்கும். ஒன்றன்பின் ஒன்றாக ரயில் வந்துகொண்டே இருந்தால் கேட் திறக்கவே திறக்காது.

வலி ஆய்வாளர்கள் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் இருவரும் 1965இல் வெளியிட்ட கோட்பாட்டுக்குப் பெயரே 'வாயில்' கோட்பாடு. தண்டுவடத்தின் பின்கொம்பு என்ற பகுதியில் இரண்டு வகை இழைகளும் வந்து சேர்கின்றன. தொடுதல் செய்தி நிறைய வந்தால், அங்குள்ள சிறு நரம்பணுக்கள் வலியை மூளைக்கு அனுப்பும் அணுவை அடக்கிவிடுகின்றன. கோட்பாட்டின் சில விவரங்கள் பிற்பாடு திருத்தப்பட்டன, அடிப்படை நிலைத்துவிட்டது. குழந்தை வாசற்படியில் முட்டியை இடித்துக்கொண்டு அழுதால், ஓடிப்போய்த் தேய்த்துவிடுகிறோமே, அந்தத் தேய்ப்பும் இந்தக் கேட்டைத்தான் மூடுகிறது. 1967இல் பாட்ரிக் வாலும் நரம்பு அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்வீட்டும் தங்கள் சொந்த முகத்தில், கண்ணுக்குக் கீழுள்ள நரம்பை மின்சாரத்தால் தூண்டி, அந்த இடம் வலியை உணர மறுப்பதைத் தாங்களே சோதித்துப் பார்த்தார்கள். டென்ஸ் கருவி அந்த வழியில் பிறந்தது.

மின்சாரத்தால் வலியைத் தணிக்கலாம் என்பது அதைவிட எவ்வளவோ பழைய அறிவு. முதலாம் நூற்றாண்டில் ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், கீல்வாதக்காரரைக் கடற்கரை ஈரமணலில் நிறுத்தி, உயிருள்ள மின்திருக்கையைக் காலடியில் வைத்து, முழங்கால் வரை மரத்துப்போகும் மட்டும் மிதிக்கச் சொன்னார். மின்திருக்கை நம் வங்கக் கடலிலும் உண்டு. ஈர வலையிலிருந்து அதை எடுக்கப்போய்க் கை மரத்தவர்களுக்கு, காசிமேட்டிலும் சரி வேறெங்கும் சரி, அந்த மருத்துவர் சொன்னதை நம்பச் சிரமம் இருக்காது.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். மின்சாரம் எல்லா நரம்பையும் ஒரே நேரத்தில் தூண்டினால் வலி இழையும் சேர்ந்துதானே கத்தும்? கருவியின் சாமர்த்தியம் இதில்தான் இருக்கிறது. ஓய்ந்திருக்கும் நரம்பிழையின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கும். எதிர்மின் பேட்டின் கீழே அந்த வேறுபாடு குறைகிறது. ஓர் எல்லைக்குக் குறைந்ததும் இழையின் சுவரில் சோடியம் உள்ளே புகும் வாயில்கள் திறந்து நரம்பு துடிக்கிறது. தடித்த இழைக்கு அந்த எல்லையைத் தொடக் குறைந்த மின்னோட்டமே போதும். மெல்லிய இழைக்கு அதிகம் வேண்டும், நீண்ட நேரமும் வேண்டும். ஆகவே துடிப்பை மிகக் குறுகியதாக, 50 முதல் 200 மைக்ரோ நொடிக்குள் முடித்துவிட்டால், ரயில் கிளம்பிவிடும். மீன்பாடி வண்டி அசையாது. ஒரு துடிப்பு 100 மைக்ரோ நொடி, நொடிக்கு 100 துடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம்தான் மின்சாரம் ஓடுகிறது. மீதியெல்லாம் அமைதி. "கரண்ட் வைக்கிறார்கள்" என்று கேட்டதும் சுவர் பிளக்கை நினைத்துப் பயப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் வைக்கும் சிறு கருவி ஓடுவது பேட்டரியில்.

கருவியில் மின்சாரத்தின் பலத்தைக் காட்டும் எண்ணை அக்கா பூஜ்யத்திலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றுவாள். 6 வரை ஒன்றும் தெரியாது. 9இல் எறும்பு ஊர்கிறது என்பாள். 13இல் முதுகு முழுக்க ரீங்காரம். வலிக்காது, ஆனால் பலமாக இருக்கும். அங்கே நிறுத்த வேண்டும். பயந்துகொண்டு எறும்பு ஊரும் இடத்திலேயே நிறுத்துகிறவர்கள்தான் "வைத்துப் பார்த்தேன், கேட்கவில்லை" என்று சொல்கிறவர்களில் அதிகம் என்பது என் எண்ணம். பத்து நிமிடத்தில் உணர்வு மங்கும், இன்னும் ஒன்றிரண்டு ஏற்ற வேண்டும். பேட்டுகளை முதுகெலும்பின் முள் மேல் ஒட்டக்கூடாது. வலிக்கும் இடத்தை நடுவில் விட்டு, எலும்புக்கு இருபுறமும் தசை மேல் ஒட்ட வேண்டும். வளைந்த முதுகில் 'நடு' எது என்பதே சிக்கல். கண்ணால் பார்த்தால் ஏமாறுவேன். விரலால் முள்முள்ளாகத் தடவிப் பார்த்து, எலும்பு போகும் வழியிலேயே போய்த்தான் இடம் குறிக்கிறேன்.

இன்னொரு முறையும் உண்டு. நொடிக்கு 2 முதல் 4 துடிப்பு, தசை துள்ளும் அளவு பலம். இதில் உடலே சுரக்கும் அபின் போன்ற வலிநீக்கிகள் வெளிவருகின்றன; அதனால் கருவியை எடுத்த பிறகும் சற்று நேரம் நிவாரணம் நீடிக்கலாம். வேகமான முறையிலும் இந்தச் சுரப்புகளுக்குப் பங்குண்டு என்பது பிற்பாடு தெரிந்தது. தினமும் ஒரே வேகத்தில் வைத்தால் உடல் பழகிப்போய்ப் பலன் குறைகிறது. மாற்றி மாற்றி வைப்பது நல்லது. காபி விஷயமும் இருக்கிறது: 200 மில்லிகிராம் காஃபின் கொடுத்தபோது டென்ஸின் பலன் குறைந்ததாக 1995இல் ஒரு சிறிய ஆய்வு சொன்னது. அக்கா மாலைக் காபியை, பேட் எடுத்த பிறகு என்று தள்ளிவைத்துவிட்டாள்.

எவ்வளவு பலிக்கும்? 2022இல் 381 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், கருவி ஓடும்போதும் நிறுத்திய உடனேயும் வலி குறைகிறது என்று கண்டார்கள். நாள்பட்ட இடுப்பு வலியை, அதாவது கீழ்முதுகு வலியை மட்டும் எடுத்தால் சான்று வலுவாக இல்லை. பிரிட்டனின் 2016 வழிகாட்டுதல் இடுப்பு வலிக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் நான் புரிந்துகொள்கிறேன். ஓடும்வரை கேட் மூடியிருக்கும், ரயில் நின்றால் திறந்துவிடும். எனவே மூடியிருக்கும் அந்த நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதே பெரிது. ஃபைப்ரோமயால்ஜியா என்ற, உடம்பெங்கும் நாள்பட்டு வலிக்கும் நோய் உள்ள பெண்களிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், அசையும்போது எழும் வலி குறைந்ததுதான் முக்கியமான பலனாகத் தெரிந்தது. படுத்துக்கொண்டு வைப்பதைவிட நடமாடிக்கொண்டு வைப்பதே அறிவு.

சிலர் இதைத் தொடவே கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் முதலில். கர்ப்பிணிகள் வயிற்றிலும் இடுப்பிலும் வைக்கக்கூடாது. கழுத்தின் முன்பக்கம், புண், உணர்ச்சியற்ற தோல், புற்றுநோய் உள்ள இடம் எதிலும் வேண்டாம். வலிப்பு நோய் இருந்தால், முதுகில் கம்பி வைத்து அறுவை சிகிச்சை செய்திருந்தால், டாக்டரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. வண்டி ஓட்டும்போதும், குளிக்கும்போதும், தூங்கும்போதும் கூடாது. கால் பலமிழந்தாலோ, தொடையின் உட்புறம் மரத்தாலோ, சிறுநீர் அடங்காமல் போனாலோ, கருவியை ஓரம் வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பழைய ஜெயில் சாலையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை நமக்கு எட்டிய தூரத்தில்தான் இருக்கிறது. வலியின் குரலை அமுக்கிக்கொண்டு இப்படிப்பட்ட அறிகுறியைத் தவறவிடுவதுதான் இந்தக் கருவியின் நிஜமான ஆபத்து.

எண் 13க்கு வந்ததும் அக்கா கருவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒயர்களைச் சேலைக்குள் ஒதுக்கிவிட்டு எழுந்திருப்பாள். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைச் சுவரோரம் நின்று பத்து நிமிடம் செய்வாள். பிறகு மார்க்கெட் வரை போய்வருவாள், கூடவே நானும். திரும்பி வந்ததும் பேட்டுகளை ஓரத்திலிருந்து மெதுவாக உரித்து அவற்றின் பிளாஸ்டிக் தாளில் ஒட்டிவைக்கிறேன். முதுகில் நான்கு சதுரங்கள் லேசாகச் சிவந்திருக்கும். அவள் காபி கலக்கப் போவதற்குள் அவை மறைந்துவிடும்.