லின்ட்: பஞ்சும் அல்ல, தூசியும் அல்ல

துணி உலர்த்தியில் உதிரும் இழையைப் பிடிக்கும் வலையான 'லின்ட் ஃபில்டர்' தமிழில் 'பஞ்சு வடிகட்டி' ஆகிறது, இல்லையென்றால் 'தூசி வடிகட்டி' ஆகிறது. இரண்டும் தவறு. சரியான சொல் பிசிறு.

லின்ட் முதலில் ஆளிச்செடியின் நாரைக் குறித்தது. அந்த நாரில் நெய்த துணியின் பெயரான லினன் அதற்கு உறவு. பிறகு புண்ணுக்கு வைத்துக் கட்டச் சுரண்டியெடுத்த லினன் துணி, கடைசியில் துணியிலிருந்து உதிரும் நுண்ணிழை.

'பஞ்சு' நுழைந்த வழி தெளிவு. பருத்தி அரவையில் கொட்டை நீக்கிய இழைக்கும் ஆங்கிலத்தில் லின்ட் என்றே பெயர். அங்கே பஞ்சு என்பது மிகச் சரி. அகராதியில் அதைக் கண்டவுடன் இயந்திரத்தைப் பார்க்காமலே இங்கும் ஒட்டிவிடுகிறார்கள். உலர்த்தியில் உதிர்வது பருத்தி, பாலியஸ்டர், கம்பளி, தலைமுடி எல்லாம் கலந்தது. பஞ்சு என்று படித்தவர், பாலியஸ்டர் துணி மட்டும் போட்டால் வலையைத் துடைக்க வேண்டாம் என்று நினைப்பார்.

'தூசி' இன்னும் மோசம். தூசி வெளியிலிருந்து வருவது, எப்போதாவது தட்டினால் போதும் என்ற எண்ணத்தைத் தருகிறது. பழந்தமிழில் 'தூசு' ஆடையையே குறித்தது என்று வாதிடுவோர் உண்டு. இன்று அந்தப் பொருளில் யார் படிக்கிறார்கள்?

குழாய் வழியே காற்றை வெளியேற்றும் பெரும்பாலான உலர்த்திகளில், புளோயர் என்னும் விசிறி காற்றுப் பாதையில் துணி சுழலும் உருளைக்கு அடுத்து இருந்து காற்றை இழுக்கிறது. சூடான காற்று துணி வழியாக வந்து, வலையைத் தாண்டி, விசிறிச் சக்கரத்துக்குள் புகுந்து, குழாய் வழியே வெளியேறுகிறது. வலையில் சிக்காத நுண்பிசிறு சக்கரத்தையும் கடந்து போகும். கொஞ்சம் இதழ்களிலும் உறையிலும் ஒட்டி நிற்கும். அது சேரச் சேரக் காற்று குறையும், துணி காய நேரமாகும், சூடு மிஞ்சினால் மின்சாரத்தை நிறுத்தும் வெப்பத் துண்டிப்பான் விழும். பிசிறு எளிதில் தீப்பற்றும். வலை கிழிந்தாலோ சரியாகப் பொருந்தாவிட்டாலோ ஊக்கு, காசு, பொத்தான் உள்ளே போய்ச் சக்கரத்தில் இடித்துத் தடதடக்கும். இவற்றை ஆங்கிலத்தில் 'டெப்ரி' (debris) என்பார்கள். தமிழில் 'குப்பை' போதும். 'இடிபாடுகள்' என்று எழுதுவது அகராதியை நகலெடுப்பது.

தையல் வேலையில் துருத்தும் நூலைப் பிசிறு என்றுதான் சொல்கிறார்கள். குரல்கூடப் பிசிறு தட்டுகிறது. உயிரோடிருக்கும் இந்தச் சொல்லை விட்டுவிட்டு 'இழைத்துகள்' என்று புதிதாகக் கட்டுவதும் வேண்டாத வேலை. துகள் என்றால் பொடி, பிசிறோ ஒன்றோடொன்று பின்னிப் படலமாக உரிந்து வரும்.

ஆகவே: பிசிறு வலை, பிசிறு அடைப்பு. ஒவ்வொரு முறை உலர்த்தியதும் பிசிறு வலையைத் துடைக்கவும். துடைத்த பிறகும் வலையில் ஊற்றிய நீர் தேங்கி நின்றால், துணி மென்மையாக்கியின் பிசுக்கு படிந்திருக்கிறது. சோப்பு நீரில் மென்மையாகத் தேய்த்துக் கழுவி, நன்கு காய்ந்தபின் மாட்டவும்.