நாரித் தண்ணி, சீ.எஸ்.எஃப்., மூளை முண்ணாண் நீர்

காய்ச்சலும் தலையிடியுமாகக் கழுத்து விறைத்துப்போன ஒருவரைத் திருகோணமலையில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால், மறுநாள் ஊருக்குள் வரும் செய்தி “நாரியில தண்ணி எடுத்தாங்களாம்” என்பதுதான். நாரி என்றால் இடுப்பின் பின்புறம். வாட்டில் அந்தச் செயலுக்கு எல்.பி. (லம்பார் பங்சர்) என்று பெயர், எடுத்த நீருக்கு சீ.எஸ்.எஃப். (செரிப்ரோஸ்பைனல் ஃபுளூயிட்). நம் பாடநூல்கள் ‘மூளைய முண்ணாண் பாய்பொருள்’ என்கின்றன. தமிழ்நாட்டில் ‘மூளைத் தண்டுவடத் திரவம்’ என்று எழுதுவார்கள்.

இலத்தீனில் ‘செரிப்ரம்’ என்றால் மூளை. ‘ஸ்பைனா’ முதலில் முள், பிறகுதான் முதுகெலும்பு. தமிழிலும் அதே முள்தான்: முள்ளந்தண்டு, முள்ளென்பு, அப்புறம் முண்ணாண். முள்ளும் நாணும் புணரும்போது ளகரமும் நகரமும் சேர்ந்து ‘ண்ண’ ஆகிவிட்டதால், பலருக்கு இது என்ன சொல்லென்றே பிடிபடுவதில்லை. முள்ளந்தண்டுக்குள் ஓடும் கயிறு, அவ்வளவுதான். எனக்குப் பிடிக்காதது முன்னாலுள்ள ‘மூளைய’ என்பது. பாடநூலில் மூளையம் என்றால் பெருமூளை மட்டும். இந்த நீரோ முழு மூளையையும் சுற்றி நிற்கிறது. அதனால் ‘மூளை முண்ணாண் நீர்’ என்றே எழுதுவேன். ‘பாய்பொருள்’ தவறில்லை, ஆனால் நோயாளியிடம் சொல்ல நீர் போதும்.

எல்.பி.யின் முதற்சொல்லான ‘லம்பார்’, இடுப்பைக் குறிக்கும் ‘லம்பஸ்’ என்பதிலிருந்து வந்தது. அந்த இடத்து எலும்புகளைப் பாடநூலும் நாரி முள்ளென்புகள் என்றே சொல்கிறது, ஆக ஊர்ச்சொல்லே சரியான சொல். இந்த நீரை இத்தாலியரான கொட்டுக்னோ 1764இல் விவரித்தார். நாரியில் ஊசியேற்றி அதை எடுக்கும் முறையை ஜேர்மனியரான குவின்கே 1891இல் வெளியிட்டார்.

“தண்ணி எடுத்தால் கால் வராது” என்ற பயம் இன்னும் இருக்கிறது. வளர்ந்தவர்களில் முண்ணாண் முதலாம், இரண்டாம் நாரி முள்ளென்பு மட்டத்திலேயே முடிந்துவிடும். ஊசி போவது அதற்குக் கீழே. உடலில் இந்த நீர் ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் இருக்கிறது, நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலீற்றர் புதிதாகச் சுரக்கிறது. எடுத்த சில மில்லிலீற்றர் விரைவிலேயே நிரம்பிவிடும். சிலருக்குப் பிறகு தலையிடி வரும், அது உண்மைதான்.

சரி, றிப்போட்டுக்கு வருவோம். வளர்ந்த ஒருவரின் நீர் பளிங்காக இருக்கும். வெண்குழியம் கன மில்லிமீற்றருக்கு 5க்கு மேல் இராது, புரதம் டெசிலீற்றருக்கு 15 முதல் 45 மில்லிகிராம். பிறந்த குழந்தைக்கு இரண்டுமே கூடுதலாக இருக்கும், அதைப் பார்த்துத் தாய் பதறத் தேவையில்லை. பற்றீரியா மூளையுறையைத் தாக்கினால் நீர் கலங்கும், நடுநிலைநாடிகள் என்ற வகை வெண்குழியங்கள் பெருகும், புரதம் ஏறும், குளுக்கோசு இறங்கும். வைரசு என்றால் வெண்குழியங்களில் இன்னொரு வகையான நிணநீர்க் குழியங்களே மிகுதி, குளுக்கோசு பெரும்பாலும் குறையாது. காசநோயிலும் நிணநீர்க் குழியங்கள்தான், ஆனால் குளுக்கோசு குறைந்து புரதம் நன்றாக ஏறியிருக்கும். இவை பொதுவான போக்குகள். நோய் தொடங்கிய முதல் நாள்களில் வைரசும் நடுநிலைநாடிகளைக் காட்டி ஏமாற்றும்.

செங்குழியம் கண்டதும் மூளையில் இரத்தக்கசிவு என்று முடிவுகட்டக் கூடாது. ஊசி ஒரு சிறு இரத்தக் குழாயைக் கீறியிருந்தால், நீரைப் பிடிக்கும் சோதனைக் குழாய்களில் முதலாவதில் சிவப்பாக வந்த நீர் மூன்றாவதில் தெளிந்துகொண்டு வரும்.

குளுக்கோசுதான் அடிக்கடி பிழையாக வாசிக்கப்படுகிறது. அது இரத்தக் குளுக்கோசில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காக இருக்க வேண்டும். நீரில் டெசிலீற்றருக்கு 60 மில்லிகிராம் என்றால், இரத்தத்தில் 90 உள்ளவருக்கு அது சரியான அளவு. சர்க்கரை வியாதியால் 240 உள்ளவருக்கு அதே 60 கால்பங்குதான், மிகக் குறைவு. அதனால்தான் நாரித் தண்ணி எடுக்கும்போதே விரலிலும் குத்துகிறார்கள். இன்னொன்று: பாமசியில் வாங்கிய அன்ரிபயோட்டிக் இரண்டு நாள் உள்ளே போயிருந்தால் வளர்ப்புச் சோதனையில் கிருமி வளராமலே போகலாம். குழியமும் புரதமும் மட்டும் கூடிக் கிடக்கும். என்ன குளிசை குடித்தது என்று வைத்தியர் திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தான். வெற்று மட்டையாவது கையில் இருந்தால் காட்டுங்கள்.