தீர்த்தம் என்றால் துறை

ராமேசுவரம் கோவிலின் 22 தீர்த்தங்களையும் வாளி வாளியாகத் தலையில் வாங்கிக்கொண்டு, சொட்டச் சொட்ட வெளியே வந்த மாமா கேட்டார்: "மாப்ள, உள்ள இருக்குற கிணறும் தீர்த்தங்கிறாங்க, காலையில முங்கின கடலையும் அக்னி தீர்த்தங்கிறாங்க. அப்ப தீர்த்தம்னா நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?"

இரண்டும் இல்லை. அந்தச் சொல்லுக்குள் முதலில் தண்ணீரே கிடையாது.

தீர்த்தம் வடசொல். 'கடத்தல்' என்று பொருள்படும் வேரிலிருந்து பிறந்தது. ஆற்றைக் கடக்க வசதியாக, ஆழமில்லாமல் இறங்கி ஏறுகிற இடம்தான் தீர்த்தம்; ரிக் வேதத்திலேயே இந்தப் பொருள் உண்டு. சமணர்களின் தீர்த்தங்கரர் என்ற பெயரும் இதிலிருந்து வந்ததுதான்: பிறவிக் கடலைக் கடக்கத் துறை அமைத்துத் தருபவர். இறங்குகிற இடம் குளிக்கிற இடமானது, குளிக்கிற இடம் புனிதமானது, கடைசியில் அங்கே இருக்கும் தண்ணீருக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெருமாள் கோவிலில் துளசியும் பச்சைக் கற்பூரமும் போட்டு உள்ளங்கையில் ஊற்றுவதும் தீர்த்தம், கத்தோலிக்கக் கோவில் வாசலில் விரல் நனைத்துச் சிலுவை போட்டுக்கொள்வதும் தீர்த்தம். சாயங்காலம் சிலர் ஒதுங்கிப் போய்ப் 'போட்டுக்கொள்ளும்' தீர்த்தத்தைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை.

பாவத்தைத் தீர்ப்பதால் தீர்த்தம் என்று சொல்பவர்கள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஓசை ஒற்றுமையை வைத்துப் பிறகு சொன்ன விளக்கம்.

சரி, தமிழில் என்ன? துறை. வேறு சொல் தேடவே வேண்டாம். வையைக் கரையில் மதுரைக்காரர்கள் நீராடிய திருமருத முன்துறையைச் சங்க இலக்கியம் பேசுகிறது. ஆடுதுறை, படித்துறை, துறைமுகம் என்று இன்றும் புழங்குகிறோம். தீர்த்தமாடுவதை நீராடுதல் என்றே சொல்லலாம். கையில் வாங்கிக் குடிப்பதற்குப் புனித நீர் போதும். 'திருநீர்' என்று சிலர் எழுதுகிறார்கள்; வாய்விட்டுக் கேட்டால் விபூதியைத்தான் நீட்டுவார்கள்.

மாமாவின் கேள்வி ஆனாலும் அப்படியே நிற்கிறது. குடிக்கலாமா, கூடாதா? அதற்கு இந்தக் கடற்கரை தனியாகச் சொற்கள் வைத்திருக்கிறது. நல்ல தண்ணி, சவரு, உப்பு. சவர் என்றால் உவர்ப்பு என்றுதான் அகராதியும் சொல்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் அது நடுநிலை. வாயில் வைக்கலாம், விழுங்க மனசு வராது. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும். வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை போகலாம். கடல் நீரில் ஏறத்தாழ 35,000. என் அப்பத்தா இந்த எண்களில் ஒன்றையும் கேட்டதில்லை. ஒரு மடக்கு வாயில் வைத்துவிட்டு, "இது புழங்க ஆகும், குடிக்க ஆகாது" என்று குடத்தை இடம் மாற்றி வைப்பார்.

சித்த மருத்துவம் மழைநீர், ஆற்றுநீர், சுனைநீர், குளத்துநீர், கிணற்றுநீர், ஊற்றுநீர் என்று இடம் பார்த்து நீருக்குக் குணம் சொல்கிறது. அதில் பாதி எங்களுக்கு வாய்க்கவில்லை. மலை இல்லை, அதனால் சுனை இல்லை. வைகை மனசு வைத்தால்தான் உண்டு. மீதி இருப்பவற்றில் மழைநீரில் உப்பே இல்லை, அதனால் சப்பென்றிருக்கும். ஊருணித் தண்ணீர் கலங்கலாக வரும். தேற்றாங்கொட்டையைப் பானைக்குள் உரசிவிட்டால் மண் அடியில் படிந்துவிடும். உப்புக்கு அந்த வித்தை பலிக்காது. காய்ச்சினாலும் உப்பு போகாது, கிருமிதான் சாகும்.

ஊருணி என்ற சொல்லைப் பாருங்கள். ஊர் உண்ணும் நீர் என்பது பெயரிலேயே இருக்கிறது. "ஊருணி நீர்நிறைந் தற்றே" என்று வள்ளுவர் செல்வத்துக்கு உவமை சொன்னது இதைத்தான். கலித்தொகையில் தாகத்துக்குக் கேட்பவன் "உண்ணு நீர் வேட்டேன்" என்கிறான். குடிக்கும் நீருக்குத் தமிழ் தேடுகிறவர்கள் இங்கே வரலாம்.

இந்தக் கரையின் அதிசயம் ஊற்றுதான். தனுஷ்கோடியில் கடலுக்குச் சில அடி தள்ளி மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் சுரக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல் நீரின் மேல் மிதக்கிறது. உப்பு நீர் கனமானது, நன்னீர் லேசு. கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். தலைகீழாகவும் அதே கணக்குதான். மேலே கொஞ்சம் குறைந்தால் கீழிருந்து உப்பு பல மடங்கு ஏறிவிடும். கொட்டாங்கச்சியில் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளுகிறவரை ஊற்று இனிக்கும். மோட்டார் போட்டு இழுத்தால் சவராகிவிடும், அப்புறம் அடுத்த மழைக்குக் காத்திருக்கவேண்டியதுதான்.

தங்கச்சிமடத்தில் கடலுக்குள்ளேயே ஒரு கிணறு இருக்கிறது. சீதையின் தாகத்துக்காக ராமன் வில்லை ஊன்றிய இடம் என்பார்கள். வில்லூன்றி, வில்லூண்டியானது. பெயரின் முன்பாதி சுத்தத் தமிழ், பின்னால் தீர்த்தம். சுற்றிலும் உப்பு அலை, உள்ளே நல்ல தண்ணீர். மாமாவை அங்கே கூட்டிப்போய் ஒரு வாய் குடிக்கச் சொன்னேன்.

"இது தீர்த்தம் இல்ல மாப்ள, தண்ணி" என்றார். கோவிலில் பிடித்த கோடி தீர்த்தத்தை மட்டும் பாட்டிலோடு ஊருக்குக் கொண்டுபோய்ச் சாமி அலமாரியில் வைத்திருக்கிறார். வீட்டில் குடிப்பது கேன் தண்ணீர்தான்.