களைப்பு தரையிலேயே தெரிந்துவிடும்

1996 ஏப்ரல் 11 அன்று காலை, அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலுள்ள ஷைஎன் விமான நிலையத்திலிருந்து புறப்பட்ட செஸ்னா 177 ரகச் சிறு விமானம் சற்று நேரத்திலேயே விழுந்து நொறுங்கி, அதிலிருந்த மூவரும் உயிரிழந்தனர். ஏழு வயதுச் சிறுமி ஜெசிகா டுப்ராஃப் விமானம் ஓட்டி அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் பயணம் என்பதால் அது பெருஞ்செய்தியானது. விமானப் பயிற்றுநரான நான் மாணவர்களிடம் அதிகம் பேசுவது, பொறுப்பு விமானியாக அருகில் அமர்ந்திருந்த ஜோ ரீட் அன்று தரையில் செய்தவற்றைப் பற்றித்தான்.

முந்தைய நாள் கலிபோர்னியாவில் கிளம்பி, மலைகளைத் தாண்டி, இரண்டு இடங்களில் இறங்கி ஏறி ஷைஎன் வந்திருந்தார்கள். மறுநாள் காலை ரீட், முன்சக்கரத்துக்கு வைத்திருந்த அடைக்கட்டையை எடுக்காமலே எஞ்சினை இயக்கி, பிறகு அதை நிறுத்தி, கட்டையை எடுத்த பின் மீண்டும் இயக்க வேண்டியதாயிற்று. மங்கலான வானிலையிலும் வெளியே கண்ணால் பார்த்தே பறக்க 'ஸ்பெஷல் வி.எஃப்.ஆர்.' அனுமதி கேட்க வேண்டியவர், அப்படியொன்றே இல்லாத 'ஸ்பெஷல் ஐ.எஃப்.ஆர்.' அனுமதியைக் கேட்டார் (ஐ.எஃப்.ஆர். என்பது கருவிகளைப் பார்த்துப் பறக்கும் முறை). மோசமாகிக்கொண்டிருந்த வானிலையில் புறப்பட முடிவெடுத்ததே முதன்மைக் காரணம் என்றது விசாரணை அறிக்கை. அந்த முடிவும் இந்தச் சறுக்கல்களும் ஒரே களைப்பின் வெளிப்பாடுகள் என்பது என் கணிப்பு.

களைத்த விமானிக்கு விமானம் ஓட்டுவது மறப்பதில்லை. கைப்பழக்கம் கடைசிவரை நிற்கும். 'பிறகு செய்ய வேண்டும்' என்று மனத்தில் ஒதுக்கி வைத்தவைதான் முதலில் நழுவுகின்றன. பைப்பர் செரோக்கி என்ற சிறு விமானத்தில் இரண்டு இறக்கை டேங்குகளிலிருந்தும் ஒருசேர எரிபொருள் எடுக்க முடியாது. விமானியின் இடப்பக்கச் சுவரில், கால் அருகே உள்ள, டேங்கைத் தேர்ந்தெடுக்கும் திருகை அவரே அவ்வப்போது மாற்ற வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கட்டுப்பாட்டு அறை அலைவரிசையை மாற்றச் சொன்னால், பதில் சொல்லி முடிப்பதற்குள் டேங்க் விஷயம் போயே போய்விடும். மறு டேங்க் நிறைய எரிபொருள் இருக்கும்போதே எஞ்சின் அடங்குவது இப்படித்தான். அதனால் மணியடிக்கும் டைமர் ஒன்றை மாணவர்கள் கண்முன்னே ஒட்டி வைக்கச் சொல்கிறேன். செக்லிஸ்டைப் படிக்கையில் யாராவது குறுக்கிட்டால், விட்ட இடத்தைத் தேடாமல் முதல் வரியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதும் என் வகுப்பில் கட்டாயம்.

அமெரிக்க விதிப்படி, மது அருந்தி எட்டு மணி நேரம் ஆகாதவர் விமானத்தை இயக்கக் கூடாது. இரத்தத்தில் மதுவின் அளவு 0.04 சதவீதத்தை எட்டினாலும் கூடாது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன் 0.05 சதவீத மது ஏறியவருடையதைப் போலக் குறைந்துவிடுவதாக ஆய்வு காட்டியிருந்தும், சொந்தப் பயணமாகப் பறக்கும் தனியார் விமானி இத்தனை மணி நேரம் தூங்கியிருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஷைஎன் விபத்துக்குப் பின் வந்த சட்டம்கூடச் சிறுவர்களின் சாதனைப் பறத்தலைத்தான் தடுத்தது.

தூக்கம் கெட்டவர் தன் நிலையைச் சரியாக எடைபோட மாட்டார். 'நன்றாகத்தான் இருக்கிறேன்' என்பார், அதை நம்பவும் செய்வார். ஆகவே உணர்வைக் கேட்காமல் தவறுகளை எண்ணச் சொல்கிறேன். வேகமானிக்குக் காற்றழுத்தம் தரும் பிட்டோ குழாயின் உறையைக் கழற்ற மறந்தது, எரிபொருள் மூடியைப் பார்த்தோமா என்று ஐயம் வந்தது என, புறப்படும் முன்பே இரண்டு நேர்ந்தால் அன்று பறக்க வேண்டாம். வார இறுதிச் சுற்றுலாவின் திரும்பும் பயணத்தில் இதற்கு மனம் இசைவது கடினம், ஏனெனில் மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய பயணிகள் பின்னிருக்கையில் காத்திருப்பார்கள். அதனால் கிளம்பும் நாளிலேயே அவர்களிடம், 'திங்கட்கிழமைக்கும் ஒரு நாள் விடுப்புச் சொல்லி வையுங்கள்' என்று கூறிவிட வேண்டும்.