பொன் பூசிய நாற்காலியைத் துடைக்காதீர்கள்

பழைய அலங்காரக் கலைப் பொருட்களைச் செப்பனிட்டுப் பாதுகாப்பது என் தொழில். சென்ற மாதம் என் மேசைக்கு வந்த ஒரு நாற்காலியைப் பார்த்து மனம் மிகவும் நொந்தது. பழைய மாளிகை ஒன்றில் இயங்கும் அருங்காட்சியகத்தில், குழந்தையின் விரல் அடையாளம் பதிந்துவிட்டதே என்று பதறிய ஒரு தாய், ஈரக் காகிதத்தால் நாற்காலியின் கைப்பிடியைத் துடைத்திருக்கிறார். அடையாளத்தோடு தங்கமும் போய், அடியிலிருந்த செம்மண் பூச்சு கட்டைவிரல் அகலத்துக்குத் தெரிந்தது. இந்த ஆண்டில் இது மூன்றாவது நாற்காலி.

"தங்கம் அழியாதே, துடைத்தால் என்ன?" என்று கேட்காதவர் இல்லை. தங்கம் அழியாதுதான், ஆனால் நாற்காலி தங்கத்தால் ஆனதன்று. மரத்தின் மேல் வெண்பொடியையும் விலங்குப் பசையையும் குழைத்துப் பல அடுக்குகளாகப் பூசி, அதன்மேல் செம்மண் தடவி, நீரால் நனைத்து, மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கே கனமுள்ள தங்க ரேக்கை ஒட்டி, கல்லால் தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள். நீரைக் கொண்டு ஒட்டியது நீரிலேயே இளகும். வியர்த்த விரலும் ஈரம்தான். 'நான் ஒருவன் தொட்டால் என்ன' என்று நினைப்பவருக்கு முன்னும் பின்னும் அதையே நினைத்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்பதைத் தயவுசெய்து எண்ணிப் பாருங்கள். வெள்ளித் தட்டைத் தொட்டால் அன்று ஒன்றும் தெரியாது. சில வாரங்களில் கைரேகை கோடு கோடாகக் கறுத்து எழும். அதைத் தேய்த்து நீக்கினால் செதுக்குவேலையும் சேர்ந்து தேயும். நாங்களே கையுறை இல்லாமல் வெள்ளியை எடுப்பதில்லை.

இத்தகைய மாளிகை அருங்காட்சியகங்களில் கட்டடமும் காட்சிப்பொருளே. சுவரின் பட்டுத் துணியில் சாயாதீர்கள்; குதிகால் உயர்ந்த செருப்பு மரத் தரையில் குழி போடும். முதுகுப்பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். துணிகளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவே மங்கலான வெளிச்சம் வைப்பது சிக்கனத்துக்காக அன்று, வெளுத்த சாயம் திரும்பாது என்பதற்காக. ஆகவே திரையை விலக்காதீர்கள். கயிறு கட்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்த நாற்காலியிலும் அமராதீர்கள்: இத்தாலியின் வெரோனாவில் உள்ள மாஃபெய் மாளிகை அருங்காட்சியகத்தில், படிகங்கள் பதித்த நாற்காலி ஒன்று புகைப்படத்துக்காக ஒருவர் அமர்ந்ததால் நொறுங்கிய காட்சியை 2025-இல் உலகமே பார்த்தது.

தவறி ஏதேனும் உடைந்துவிட்டால் ஒளித்துவிட்டுப் போகாதீர்கள், பொறுக்கித் தரவும் முயலாதீர்கள். அசையாமல் நின்று காவலரைக் கூப்பிடுங்கள். 2006-இல் கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகப் படிக்கட்டில் ஒருவர் தடுக்கி விழுந்ததில் சீனாவின் சிங் (Qing) அரச வம்சக் காலத்துப் பீங்கான் ஜாடிகள் மூன்று சிதறின. அருங்காட்சியகத்தார் சில்லுகளைக் கவனமாகச் சேகரித்து வைத்ததால்தான் அவற்றை மீண்டும் ஒட்டிச் சேர்க்க முடிந்தது.